‘மொபிலிட்டி ஆஸ் எ சர்வீஸ்’: தமிழில் என்ன சொல்வது?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, கிண்டியில் இறங்கி மெட்ரோவுக்கு மாறி, கடைசியில் ஒரு பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவரிடம் "எப்படி வந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ரெண்டு மாறி வந்தேன்" என்பார். வண்டி மூன்று, ஆனால் அவர் மனதில் பயணம் ஒன்றுதான். அந்த ஒரு பயணத்துக்கு ஒரே சீட்டு, ஒரே இடத்தில் பணம் என்று ஆக்கித் தருகிற ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்தில் ‘மொபிலிட்டி ஆஸ் எ சர்வீஸ்’ என்று பெயர். சுருக்கினால் ‘மாஸ்’.

பஸ், ரயில், டாக்சி, வாடகை சைக்கிள், மணிக்கணக்கில் எடுக்கும் கார் எல்லாம் இதில் அடக்கம். வழி தேடுவது, பதிவது, பணம் கட்டுவது மூன்றும் ஒரே செயலியில் நடக்க வேண்டும். வழி மட்டும் காட்டுகிற வரைபடச் செயலியை இந்தப் பெயரால் அழைப்பது தவறு.

‘மொபிலிட்டி’யின் வேர் லத்தீனில் நகர்தலைக் குறிக்கும் சொல். ‘ஆட்டோமொபைல்’ என்பதற்குள் இருப்பதும் அதே வேர்தான். தானே நகர்வது என்று பொருள். ‘ஆஸ் எ சர்வீஸ்’ என்கிற வால் கணினித் துறையிலிருந்து வந்தது. மென்பொருளைக் காசு கொடுத்துச் சொந்தமாக வாங்காமல், சந்தா கட்டிப் பயன்படுத்தும் முறைக்கு அங்கே அந்தப் பெயர். அதே அச்சில் வார்த்ததுதான் இது: காரை வாங்க வேண்டாம், போய்ச் சேர்வதை வாங்கினால் போதும்.

இந்தச் சொல் பரவியது பின்லாந்திலிருந்து. ஹெல்சின்கி மாநகராட்சிக்காக சோன்யா ஹெய்கிலா 2014இல் எழுதிய முதுகலை ஆய்வு இதைப் பலர் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அப்புறம் சாம்போ ஹியெடனன் தொடங்கிய நிறுவனம் ‘விம்’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. அதன் பெரிய திட்டத்தில் மாதம் 499 யூரோ கட்டினால் பொதுப் போக்குவரத்து, குறுந்தூர டாக்சி, வாடகைக் கார் எல்லாம் கிடைத்தன. சொந்தக் காருக்கு நேர் மாற்று என்றே அதை விற்றார்கள். 2024இல் அந்த நிறுவனம் திவாலானது. அடுத்தவர் ஓட்டும் வண்டிக்குச் சீட்டு விற்று லாபம் பார்ப்பது கடினம் என்பதே என் கருத்து. ஆனால் கடை மூடியதால் தேவை இல்லை என்று ஆகிவிடாது.

ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் 2013 நவம்பரிலிருந்து ஆறு மாதம் ‘உபிகோ’ என்ற சோதனை நடந்தது. சேர்ந்தவர்களில் பலர் முதலில் வந்தது வெறும் ஆர்வத்தில்தான், தொடர்ந்தது வசதிக்காக. காரைக் குறைத்து, பொது வண்டிகளில் கூடுதலாகப் போனார்கள். சுற்றுச்சூழல் உபதேசத்தைவிட மாறுவது சுலபம் என்பதே அதிகம் வேலை செய்கிறது. இது எனக்கு நம்பிக்கை தருகிறது.

சொல்தான் புதிது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் வெவ்வேறு நிறுவனங்களின் ரயிலையும் பஸ்ஸையும் ஒரே கட்டண முறையில் கொண்டுவரும் கூட்டமைப்பு 1965இலேயே உருவாகிவிட்டது. அப்போது கைபேசியும் இல்லை, செயலியும் இல்லை. கட்டணத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் உடன்பாடு இருந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். ‘மாஸ்’ என்றே எழுதினால் திரையரங்கு விசில்தான் நினைவுக்கு வரும். ‘சேவையாக இயக்கம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், இயக்கம் என்றதும் கட்சிக் கொடி தெரியும். ‘நகர்வு’ சதுரங்கத்துக்குப் பொருந்தும். ‘போக்குவரத்து’ என்றால் சரக்கு லாரியும் சேர்ந்துவிடும். மனிதர் போவதைச் சொல்லப் ‘பயணம்’ போதும். வடமொழிப் ‘பிரயாணம்’ தமிழில் கரைந்து வந்த சொல் அது.

நம் பழைய சொல் ‘செலவு’. செல்வது செலவு. "செலவிடை அழுங்கல் செல்லாமை அன்றே" என்கிறது தொல்காப்பியம். பிரிந்து போகக் கிளம்பியவன் இடையில் தயங்குவதைப் பேசும் இடம். அழகான சொல்தான். ஆனால் இன்றைக்குச் ‘செலவுச் சேவை’ என்றால் பர்ஸைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள்.

ஆகவே கட்டுரைக்கும் அரசாணைக்கும் ‘ஒருங்கிணைந்த பயணச் சேவை’ சரியாக இருக்கும். இதில் எனக்கு ஒரு சின்ன உறுத்தல் உண்டு. ‘ஒருங்கிணைந்த’ என்பது தன்வினை. தானாகவே இணைந்துகொண்ட மாதிரி ஒலிக்கிறது. உண்மையில் யாராவது உட்கார்ந்து பேசி இணைக்க வேண்டும். ஆனாலும் காதுக்குப் பழகிய சொல், மாற்ற வேண்டாம். பேச்சுக்கு ‘ஒரே சீட்டுப் பயணம்’ என்பேன். எதற்கு, எப்படி என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

2025 செப்டம்பரில் தொடங்கிய ‘சென்னை ஒன்று’ செயலியில் மாநகரப் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கியூஆர் சீட்டு எடுக்கலாம். வாக்கியத்தில் இப்படி வரும்: "தாம்பரத்துலயே ஒரே சீட்டா எடுத்துட்டேன், கிண்டியில வரிசையில நிக்கல."