எச்சிங் என்றால் அரித்தல்

வீட்டில் சர்க்கிட் போட், அதாவது மின்சுற்றுப் பலகை, செய்பவர்கள் முதல் நாளே பழகிவிடும் சொல் ‘எச்சிங்’. செம்புப் படலம் ஒட்டிய பலகையில் வேண்டிய கோடுகளை மாக்கர் பேனையால் வரைந்து, பெரிக் குளோரைட்டுக் கரைசலில் போடுவோம். மை மூடாத செம்பு கரைந்துபோகும். மைக்கு அடியில் இருப்பது மின்சாரம் ஓடும் பாதையாக மிஞ்சும். படலத்தின் தடிப்பு வழக்கமாக 35 மைக்ரோமீற்றர்தான்.

ஆங்கிலத்துக்கு இச்சொல் டச்சு வழியாக ஜெர்மனில் இருந்து வந்தது. வேர்ப்பொருள் ‘தின்னக் கொடுத்தல்’. செப்புத் தகட்டில் படம் செய்த பழைய ஓவியர்கள் தகட்டை அமிலத்துக்குத் தின்னக் கொடுத்தார்கள். ஒஸ்திரியாவில் பிறந்த பவுல் ஐஸ்லர் 1930களில் லண்டனில் இப்படிப் பலகையிலேயே பாதைகள் அமைந்த அச்சுச் சுற்றுகளை உருவாக்க முயன்றபோது, அச்சுத்தொழிலின் இந்த வேலை மின்னியலுக்கு வந்தது.

தமிழில் சிலர் ‘பொறித்தல்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கல்லில் பொறிக்கும் உளி எழுத்தையே தொடும். இங்கே கோட்டை எதுவும் தொடுவதில்லை, சுற்றியிருப்பதுதான் போகிறது. கல்லடி வீட்டு முற்றத்தில் பிளேன்டீ நிறக் கரைசலைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மம்மா, “என்ன மனே, கறையான் அரிக்கிற மாதிரி அரிக்குது” என்றார். அதுதான் சொல். கறையான் மரத்தை அரிக்கும், கடல் கரையை அரிக்கும், துரு இரும்பை அரிக்கும். ஜெர்மன் வேரில் உள்ள தின்னுதல் நம் சொல்லில் அப்படியே இருக்கிறது.

அரிசி அரிப்பதும் இதே சொல்தான். அரிக்கன்சட்டியை ஆட்டி ஆட்டிக் கல்லைப் பிரிப்பதுபோல, பிளாஸ்டிக் தட்டையும் மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் புதுக் கரைசல் செம்பில் படும், வேலையும் சுறுக்காக முடியும்.

சரி, இந்த ஒரு சொல்லிலிருந்து மற்றவையும் கிடைக்கின்றன. கரைசலுக்கு ‘அரிகரைசல்’. செம்பைக் காக்கும் மைக்குக் ‘காப்பு மை’. நேரம் கூடினால் கரைசல் மைக்கு அடியிலும் பக்கவாட்டில் புகுந்து கோட்டைத் தின்னும். என் முதல் போட்டில் மை அப்படியே இருக்க, அடியில் இரண்டு மெல்லிய கோடுகள் அறுந்துபோயிருந்தன. ‘அண்டர்கட்’ என்பார்கள். நான் ‘அடியரிப்பு’ என்று எழுதுகிறேன். கிழக்கிலங்கையின் ஒலுவில் கடற்கரையில் தென்னைகளின் வேருக்கு அடியில் மண் போவதைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கவே தேவையில்லை.