பர்லியாரில் இறங்கிப்போன பெடல்

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: “அண்ணா, 2003 மாடல் ஃபியட் பாலியோ 1.6 காரு ஒண்ணு வாங்கியிருக்கேனுங்க. இஞ்சின் இன்னும் பறக்குது, பிரேக்குதான் பத்தலைன்னு தோணுது. முன்னாடி பெரிய டிஸ்க்கு, ஓட்டை போட்டது, மாத்தித் தர்றேங்கறாங்க. போட்டா வண்டி சீக்கிரம் நிக்குங்களா? அடுத்த மாசம் ஊட்டி போறதா இருக்கறோம்.”

சீக்கிரம் நிற்குமா என்பதற்குப் பதில் சின்னது. ஒரே ஒரு முறை ஓங்கி மிதித்தால், பெரிய டிஸ்க் போட்ட வண்டியும் போடாத வண்டியும் ஏறக்குறைய ஒரே தூரத்தில்தான் நிற்கும். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கும் அதை இறுக்கிப் பிடிக்கும் பேடும் சக்கரத்தை மட்டுமே நிறுத்துகின்றன. ரோட்டைப் பிடித்து வண்டியை நிறுத்துவது டயர், அதிலும் உள்ளங்கை அகலத்துக்குத் தரையில் படிந்திருக்கும் நாலு ரப்பர்த் திட்டுகள். காய்ந்த தார் ரோட்டில் உராய்வுக் குணகம் 0.8 என்று வைத்துப் பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டால், 80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டிக்குச் சுமார் 32 மீட்டர் வேண்டும். அந்தக் கணக்கில் டிஸ்க்கின் அளவு எங்குமே வராது. ஓங்கி மிதிக்கும்போது உங்கள் வண்டியின் டயர் கிறீச்சிட்டுப் பூட்டிக்கொள்கிறது என்றால், இருக்கிற பிரேக்கிலேயே டயர் தாங்குகிற அளவுக்குப் பலம் இருக்கிறது என்று பொருள். அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணை. 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமலிருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். பெரிய டிஸ்க்குக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு புது டயருக்குப் போகட்டும்.

அப்படியானால் பெரிய டிஸ்க் எதற்கு? சூட்டைத் தாங்க. 1200 கிலோ வண்டி 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 460 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. அதில் முக்கால் பங்கு முன்சக்கரங்களுக்குப் போய், டிஸ்க் ஒன்று 5 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை நின்றதற்கு டிஸ்க்கின் சூடு 75 டிகிரி ஏறும். அது ஒன்றும் பெரிதில்லை. ஆறுவதற்குள் பத்து முறை மிதித்தால்தான் சிக்கல். செட்டிப்பாளையத்து கரி ரேஸ் டிராக்கில் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறவர்களுக்குக் கனத்த டிஸ்க் வேண்டும், நடுவில் காற்றோடும் இடைவெளி விட்டது வேண்டும். நமக்கு அந்த டிராக்கின் வேலையைச் செய்வது மலை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 1500 மீட்டர் உயரம் இறங்குகிறோம். நாலு பேர் உட்கார்ந்த வண்டி அந்த இறக்கத்தில் விடும் ஆற்றலைக் கொண்டு 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஓர் அண்டா நிறைய வெந்நீர். காற்றும் இஞ்சினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். கியரைப் போடாமல் நியூட்ரலில் இறங்கினால் இஞ்சினின் பங்கும் சேர்ந்து பிரேக்கின் தலையில் விழும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வது இந்தக் கணக்கைத்தான். பெட்ரோல் மிச்சமென்று இஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ரெண்டு மூணு மிதியில், நம் மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டரின் வெற்றிடம் தீர்ந்துபோய்ப் பெடல் மரக்கட்டை ஆகிவிடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

சூடேறி பிரேக் கைவிடுவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் பெடல் நிற்கும், வண்டி நிற்காது. பேடைப் பிணைத்திருக்கும் பிசின் அளவுக்கு மீறிச் சூடாகி, உராய்வு குறைந்துபோவது அது. கால் கல்லை மிதிப்பது போலிருக்கும், வேகம் மட்டும் குறையாது. நல்ல பேடும் கனமான டிஸ்க்கும் இதற்கு மருந்து. இன்னொன்றில் பெடலே நிற்காமல் தரைவரை போய்விடும். அதைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நானே பார்த்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், என்னுடைய பழைய காரில் குன்னூரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். மங்குஸ்தான் காலம். பர்லியாரில் ரோட்டோரக் கடையில் நிறுத்தினோம். அதுவரை பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. கால் மணி நேரம் பேரம் பேசி, பழம் வாங்கி, வண்டியை எடுத்து முதல் வளைவுக்கு முன் மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. ரெண்டாம் மிதியில் பாதி வந்தது, மூன்றாம் மிதியில் நின்றது. வேகம் இல்லாததால் தப்பித்தோம். ஓரமாக நிறுத்தி முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். திரும்ப மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி திடமாக நிற்கிறது!

ஓடும்போது இருந்த பிரேக் நின்றபின் ஏன் போனது? போனது எப்படித் தானாகத் திரும்பி வந்தது?

பெடலை மிதிக்கும்போது அதன் முனையிலுள்ள மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. நீர்மத்தை அமுக்க முடியாது என்பதால் அந்தத் தள்ளல் அப்படியே, பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பருக்குப் போய்ச் சேருகிறது. மொத்த ஏற்பாடும் அந்த ஒரு குணத்தை நம்பித்தான் இருக்கிறது. முழு மிதிக்கும் நகரும் ஆயில் ஒரு மேசைக்கரண்டி அளவு இருந்தால் அதிகம். இப்போது அந்தக் குழாய்க்குள் ஆவி புகுந்துவிட்டதென்று வையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர், 0.05 மில்லி, சாதாரணக் காற்றழுத்தத்தில் ஆவியானால் 80 மில்லி இடத்தை அடைக்கும். நீங்கள் மிதிக்கும் மிதியெல்லாம் அந்த ஆவியை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும், பேடுக்கு ஒன்றும் போய்ச் சேராது. காட்டில் மோட்டார் ஏர் பிடித்துக்கொண்டால் எப்படி? இம்பெல்லர் சுற்றோ சுற்றென்று சுற்றும், குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது. நம் ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

பிரேக் ஆயிலுக்குள் தண்ணீர் எப்படி வந்தது? அதுவாகக் குடித்தது. பேர்தான் ஆயில், உண்மையில் அது எண்ணெய் இனமே இல்லை. கிளைக்கால் ஈதர் வகை. உப்பு ஜாடி ஆடி மாசக் காற்றில் கசிவதுபோல, ஆயில் டப்பா மூடியின் சுவாசத் துளை வழியாகவும் ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடுகிறது. டாட் 3க்கு 205லிருந்து 140. டாட் 5.1க்கு 260லிருந்து 180. அரை லிட்டரில் 18 மில்லி தண்ணீர், அவ்வளவுதான். அதற்கே 75 டிகிரி போய்விடுகிறது.

தண்ணீரைக் குடிக்காத ஆயிலைச் செய்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். இருக்கிறது, சிலிக்கோனில் செய்த டாட் 5. (5.1 வேறு, இது வேறு. பேரைப் பார்த்து ஏமாந்து ஒன்றோடொன்று கலந்துவிடாதீர்கள்.) அது குடிக்காது, ஆனால் ஈரம் உள்ளே வருவது மட்டும் நிற்காது. வந்த தண்ணீர் கரைய இடமில்லாமல் தனியாகத் திரண்டு, தாழ்வான இடம் தேடிப் போய்த் தங்கும். பிரேக்கில் தாழ்வான இடம் எது? சக்கரத்துக்குள் இருக்கும் காலிப்பர், இருப்பதிலேயே சூடான இடம். அங்கே அது 155 வரைகூடக் காத்திருக்காது. 100 டிகிரியிலேயே கொதித்துவிடும், சும்மா கிடக்கும் நாட்களில் துருவும் ஏற்றும். கிளைக்காலோ வந்த தண்ணீரையெல்லாம் தனக்குள் கரைத்து, குழாய் நெடுகப் பங்கிட்டு வைத்துக்கொள்கிறது. தன் கொதிநிலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்துத்தான் இதைச் செய்கிறது. நாம் குறையென்று நினைக்கும் அந்தத் தாகம்தான் இத்தனை வருடமாக நம்மைக் காப்பாற்றி வருகிறது. முதன்முதலாக இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

இனி பர்லியாருக்கு வருவோம். இறங்கும்போது டிஸ்க் கொதிக்கக் கொதிக்க இருந்தாலும் ஓடுகிற காற்று அதை ஆற்றிக்கொண்டே வருகிறது. மிதிக்கும் நேரத்தில் குழாய்க்குள் காற்றழுத்தத்தைப்போல் பல மடங்கு அழுத்தம் இருப்பதால் கொதிநிலையும் மேலே போய்விடுகிறது. குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்பது போல. வண்டியை நிறுத்திக் காலை எடுத்ததும் இரண்டு காவலும் ஒரே நேரத்தில் விலகுகின்றன. காற்று இல்லை, அழுத்தம் இல்லை. டிஸ்க்கில் தேங்கிய சூடு பேடு வழியாக, அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் வழியாக, அதன் பின்னால் நிற்கும் ஆயிலுக்குச் சாவகாசமாக ஏறுகிறது. நாம் பழத்துக்குப் பேரம் பேசும் நேரம் அதற்குப் போதும். இன்னும் முக்கால் மணி கழித்து எல்லாம் ஆறியதும் ஆவி மறுபடி நீர்மமாகிக் கரைந்துவிடுகிறது. தடயமே மிஞ்சாது.

மிதித்து மிதித்து விட்டால் பெடல் திரும்ப வந்ததற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு முறை காலை எடுக்கும்போதும் மேலேயுள்ள டப்பாவிலிருந்து இன்னும் கொஞ்சம் ஆயில் குழாய்க்குள் இறங்கும். அடுத்த மிதிக்கு அவ்வளவு கூடுதல் கையிருப்பு. மலையில் பெடல் தரைக்குப் போனால் பதறாமல் வேகவேகமாக மிதித்து விடுங்கள், கூடவே கியரைக் குறையுங்கள்.

சின்ன வயதில், மலைப்பாதையில் இன்ன வளைவில் காத்துக்கருப்பு பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை என்றே இன்று நினைக்கிறேன். நீண்ட இறக்கத்தில் சூடு சேர்ந்து எல்லை தாண்டும் இடம் பல வண்டிகளுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்திருக்கலாம். கீழே கொண்டுவந்து மெக்கானிக்கிடம் காட்டும்போது பிரேக் நன்றாக இருக்கும். பேயைத் தவிர வேறு யாரைச் சந்தேகிப்பார்கள்? பண்ணாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் நானும் திம்பம் ஏறுகிறேன், அந்த மனநிம்மதியில் எனக்குக் குறையில்லை. ஆனால் பழி பேய் மேல் விழுந்துகொண்டிருக்கும் வரைக்கும் ஆயிலை யாரும் மாற்ற மாட்டார்கள் என்பதுதான் என் கவலை. கோவையில் இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு கல்லூரி நாலைந்து பழைய வண்டிகளின் காலிப்பரில் வெப்பமானியைப் பொருத்தி, வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறக்கி அளந்து, முடிவைத் தமிழில் ஒரு பலகையில் எழுதி மலையுச்சியில் நட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும். பெரிய ஆய்வகங்களுக்குக் கொடுப்பதில் ஒரு துளியை இப்படிப்பட்ட வேலைக்கு ஒதுக்கச் சொல்லி நான் எங்கும் வாதாடுவேன்.

தம்பியின் டிஸ்க்குக்கு வருகிறேன். முன்னால் மட்டும் பெரிதாக்கினால் முன்சக்கரம் சீக்கிரமே பூட்டிக்கொள்ளும், பின்சக்கரத்து டிரம் பிரேக் தன் பங்கைச் செய்யாமலே நிற்கும். சில சமயம் நிற்கும் தூரம் கூடியும் போகலாம். காலிப்பர் பிஸ்டன் பெரிதானால் அதை நகர்த்த அதிக ஆயில் வேண்டும், பழைய மாஸ்டர் சிலிண்டரோடு பெடல் ஆழமாகப் போகும். ரிம்மையும் மாற்ற வேண்டி வரலாம். ஓட்டைகள் பார்க்க அழகு. ஆனால் வார்ப்பிரும்பில் ஓட்டையின் விளிம்பிலிருந்துதான் விரிசல் கிளம்பும். பவுண்டரி வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கம்பெனி அளவிலேயே நல்ல டிஸ்க், நல்ல பேடு, புது ஹோஸ், நல்ல டயர், புது டாட் 4. இதற்குப் பிறகும் பத்தவில்லை என்றால் அப்போது பேசுவோம்.

அன்று மேட்டுப்பாளையத்தில் இறங்கி ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது, வயதான மெக்கானிக் டப்பா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “ஏங் கண்ணு, இது கருப்பட்டிக் காப்பியாட்ட இருக்குது. எப்ப மாத்துனது?” என்றார். வாங்கி நாலு வருடம், மாற்றவே இல்லை. நிறத்தை வைத்துத் தண்ணீரைச் சொல்லிவிட முடியாது, தெளிவாக இருக்கும் ஆயிலிலும் ஈரம் இருக்கலாம். அதனால்தான் பார்த்து மாற்றாமல் ரெண்டு வருடத்துக்கு ஒரு முறை என்று கணக்கு வைத்து மாற்ற வேண்டும். அவர் நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்து, சீல் உடைக்காத புது டப்பாவிலிருந்து ஊற்றினார். ஆயிலுக்கு ஆன செலவு சில நூறு ரூபாய்.

அடுத்த வருடம் அதே மாதம், அதே இறக்கம், அதே கடை. வேண்டுமென்றே அரை மணி நேரம் நின்றேன். வண்டியை எடுக்குமுன் மிதித்துப் பார்த்தேன். பெடல் குன்னூரில் எந்த உயரத்தில் நின்றதோ, அதே உயரத்தில் நின்றது.