கார்டின் நிறம் சிபில் ரிப்போர்ட்டில் தெரியாது

வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்கிற கேள்வி இது: “சார், எந்த கிரெடிட் கார்டு வாங்கினா சிபில் ஸ்கோர் ஏறும்?” கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறவரா என்று பார்த்துக் கொடுக்கிற மதிப்பெண்தான் இந்த ஸ்கோர். கோயம்புத்தூரில் வீட்டுக்கடன் ஃபைல்களைத் தயார் செய்து வங்கிகளுக்குக் கொண்டுபோவதுதான் என் வேலை. பதினான்கு வருடமாக யாராவது ஒருவருடைய கிரெடிட் ரிப்போர்ட்டைத் தினமும் வரிவரியாகப் படிக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். கோல்டு, பிளாட்டினம், சிக்னேச்சர் என்று கார்டின் மேல் என்ன அச்சடித்திருந்தாலும் ஸ்கோருக்கு அதனால் ஒரு புள்ளிகூடக் கூடப்போவதில்லை.

ரிப்போர்ட்டில் இருப்பது வேறு. கார்டு கொடுத்த வங்கியின் பெயர், கணக்கின் வகை, திறந்த தேதி, லிமிட், இப்போதைய பாக்கி, கெடு தாண்டிய தொகை. அதற்குக் கீழே மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், 36 மாதம் வரைக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை நாள் தாமதம் என்ற எண் இருக்கும். 000 என்றால் ஒழுங்காகக் கட்டியிருக்கிறீர்கள். 030, 060 என்று இருந்தால் வங்கி அதிகாரியின் விரல் நேராக அங்கேதான் போய் நிற்கும். ஸ்கோர் 300-லிருந்து 900 வரை. சிபில் மட்டுமல்ல, எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்களும் இதே வேலையைச் செய்கின்றன. ஊரெல்லாம் சிபில் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

அதற்காக எந்தக் கார்டாக இருந்தாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு வகைக் கார்டிலும் ஆள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது.

முதலில் லிமிட் குறைந்த கார்டுகள். துணிக்கடை, சூப்பர் மார்க்கெட், பெட்ரோல் நிறுவனம், ஆன்லைன் கடை ஆகியவற்றின் பெயர் போட்டு வருகிற கார்டுகள் பலவும், முதல் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கிடைக்கிற கார்டுகளும் இந்த ரகம். கடையின் பெயர் இருந்தாலும் கடன் கொடுப்பது பின்னால் இருக்கிற வங்கிதான், ரிப்போர்ட்டில் சாதாரண கிரெடிட் கார்டாகத்தான் ஏறும். இப்போது கணக்குப் போடுங்கள். லிமிட் 40,000. தீபாவளிக்கு 32,000 தேய்க்கிறீர்கள். லிமிட்டில் 80 சதவீதம் போய்விட்டது. அதே 32,000-ஐ 3 லட்சம் லிமிட் உள்ளவர் தேய்த்தால் 11 சதவீதம்கூட ஆகாது. இருவரும் ஒரே நாளில் முழுப் பணத்தையும் கட்டியிருக்கலாம். ஆனால் வங்கி தகவல் அனுப்புகிற நாளில் பாக்கி என்னவோ அதுதான் ரிப்போர்ட்டுக்குப் போகும். முதலாமவர் கையைப் பிசைந்துகொண்டு இருப்பவராகத் தெரிவார். லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் தொழிலில் சொல்வது இதனால்தான். அது சட்டம் அல்ல, அனுபவக் கணக்கு.

2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறையாவது இந்தத் தகவலைப் புதுப்பிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. ஆகவே சின்ன லிமிட் கார்டில் பெரிய பொருள் வாங்கினால், டியூ தேதி வரைக்கும் காத்திருக்காமல் கையில் பணம் வந்த உடனே கட்டிவிடுங்கள். நோ-காஸ்ட் இ.எம்.ஐ. போட்டு வாங்கிய ஃபிரிட்ஜும் இந்தக் கணக்கில் சேரும். கட்டி முடிகிற வரைக்கும் லிமிட்டில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்திருக்கும்.

அடுத்தது, எஃப்.டி. மேல் கொடுக்கிற கார்டு. இதைப் பற்றி நம் ஊரில் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம். பீளமேட்டுப் பக்கம் மெஸ் நடத்துகிற ஓர் அக்கா கடன் கேட்டு வந்தார். இருபது வருடத் தொழில், கைநிறைய வியாபாரம். ரிப்போர்ட் எடுத்தால் ஸ்கோர் இருக்க வேண்டிய இடத்தில் -1, அதாவது கடன் வாங்கிய வரலாறே இல்லை. “எனக்கு யாருகிட்டயும் கடனே இல்லீங்களே, அது நல்லதுதானுங்களே?” என்றார். நல்லதுதான். ஆனால் வாங்கியே பழக்கமில்லாதவர் திருப்பிக் கட்டுவாரா என்று சொல்ல வங்கியிடம் ஒரு தடயமும் இல்லை. சாதாரண கார்டு எதுவும் அவருக்குக் கிடைக்காது. 30,000 ரூபாயை எஃப்.டி. போடச் சொல்லி, அதன் மேல் ஒரு கார்டு எடுக்கவைத்தோம். லிமிட் 27,000 கிடைத்தது. கரண்ட் பில்லை மட்டும் அதில் கட்டுங்கள், வேறு எதற்கும் வெளியே எடுக்காதீர்கள் என்றேன். சொன்னதை அப்படியே செய்தார். மெஸ் கல்லாவுக்கு மேலே இருந்த காலண்டரில் ஒவ்வொரு பில்லின் டியூ தேதியையும் மஞ்சள் குங்குமம் வைத்துக் குறித்திருந்ததை நானே பார்த்தேன். பத்து மாதத்தில் ஸ்கோர் 750-க்குப் பக்கத்தில் வந்து நின்றது.

இதிலும் ஒரு தப்பெண்ணம் உண்டு. “எஃப்.டி. அவங்ககிட்டதானே இருக்கு, கட்டாம விட்டா அதுல எடுத்துக்குவாங்க” என்று விட்டுவிடுகிறார்கள். எடுத்துக்கொள்வார்கள்தான். ஆனால் அதற்கு முன்னால் தாமதமான மாதங்கள் கட்டத்தில் ஏறியிருக்கும். எஃப்.டி. வங்கியின் பணத்துக்குத்தான் காவல், உங்கள் ஸ்கோருக்கு அல்ல.

ஆட்-ஆன் கார்டு, அதாவது உங்கள் கார்டுக் கணக்கிலேயே வீட்டில் இன்னொருவருக்கு வாங்கிக் கொடுக்கிற கூடுதல் கார்டு, சுருக்கமான சங்கதி. மகன் தேய்த்தாலும் தங்கை தேய்த்தாலும் கட்ட வேண்டியவர் மெயின் கார்டுக்காரர், அடியும் அவர் ஸ்கோருக்குத்தான். கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு ஸ்கோர் வளரட்டும் என்று ஆட்-ஆன் வாங்கிக் கொடுப்பவர்களைப் பார்க்கிறேன். அதற்குப் பதில் பிள்ளை பெயரிலேயே சின்ன எஃப்.டி. போட்டு ஒரு கார்டு எடுத்துக் கொடுங்கள்.

கம்பெனி கார்டு விஷயத்தில்தான் நன்றாகப் படித்தவர்கள்கூட ஏமாறுகிறார்கள். பம்ப் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர் ஒருவர், மாதத்தில் இருபது நாள் வெளியூர். லாட்ஜ், டிக்கெட், சாப்பாடு எல்லாம் கம்பெனி கொடுத்த கார்டில்தான். பில்லை அக்கவுண்ட்ஸில் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார். அங்கே ஒருமுறை இரண்டு மாதம் பணம் விடுவிக்கவில்லை. வீட்டுக்கடனுக்கு வந்தபோது அவருடைய ரிப்போர்ட்டில் 060. “அது கம்பெனி கார்டு சார், என் கடன் இல்லை” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கார்டு வாங்கியபோது அவர் போட்ட கையெழுத்தில் பொறுப்பு அவருடையது என்று இருந்தது. கம்பெனிக் கார்டில் இரண்டு விதம் உண்டு. பொறுப்பு முழுக்க நிறுவனத்துடையதாக இருப்பது ஒன்று, ஊழியர் தலையில் இருப்பது இன்னொன்று. எது என்று ஹெச்.ஆரிடம் இன்றைக்கே கேளுங்கள். உங்கள் தலையில்தான் என்றால், கம்பெனி கொடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். டியூவைக் கட்டிவிட்டு அப்புறம் அக்கவுண்ட்ஸில் சண்டை போடுங்கள்.

இப்போது பரவலாக இருப்பது ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யில் இணைப்பது. 2022 செப்டம்பரில் வந்தது. வசதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் டீக்கடை, காய்கறி, ஆட்டோ என்று ஸ்கேன் செய்யும்போது கடன் வாங்குகிறோம் என்ற நினைப்பே வருவதில்லை. கையில் பிளாஸ்டிக் கார்டுகூட இல்லாமல் மொபைலில் மட்டும் இருப்பதால், “எனக்கு ஒரே ஒரு கார்டுதான்” என்று சொல்பவரின் ரிப்போர்ட்டில் மூன்று இருக்கும். மூன்றுக்கும் தனித்தனி டியூ தேதி. ஆப்களில் “இப்போது வாங்கு, பிறகு கட்டு” என்று கிடைப்பது கார்டே அல்ல. பல நேரம் சின்னச் சின்னத் தனிநபர் கடனாக ரிப்போர்ட்டில் வரிசை கட்டி நிற்கும். 2,000 ரூபாய்க் கடன் ஏழெட்டு இருக்கிற ரிப்போர்ட்டை வங்கியில் நீட்ட எனக்கே தயக்கமாக இருக்கும்.

விவசாயிகளின் கிசான் கிரெடிட் கார்டு பெயரில்தான் கார்டு. உண்மையில் அது பயிர்க்கடன், தனி வகையாகவே ரிப்போர்ட்டில் வரும். தள்ளுபடி வரும் வரும் என்று கட்டாமல் வைத்திருந்தவர்கள் மகனின் கல்விக்கடனுக்குக் கூட்டாகக் கையெழுத்துப் போட வரும்போது மாட்டிக்கொள்கிறார்கள்.

எந்த வகைக் கார்டானாலும் பொருந்துகிற இரண்டு விஷயங்கள். மினிமம் டியூ, அதாவது பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்கிற தொகையை மட்டும் கட்டினாலும் கட்டத்தில் 000 விழும், அது உண்மை. ஆனால் மீதிக்கு வருடம் 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் வட்டி ஓடும், பாக்கி குறையாது, லிமிட் நிரம்பியே நிற்கும், ஸ்கோரும் மெல்ல இறங்கும். இன்னொன்று செட்டில்மென்ட். வசூல் ஏஜென்ட் பேசும்போது பாதிப் பணத்தில் முடித்துக்கொள்ளலாம் என்பது இனிக்கும். ரிப்போர்ட்டில் “செட்டில்டு” என்று ஏறிவிட்டால் வருடக்கணக்கில் அது கூடவே வரும். எப்படியாவது முழுதாகக் கட்டி முடிக்க வழி இருந்தால் அதையே செய்யுங்கள்.

சரி, வேண்டாத கார்டை என்ன செய்வது? கட்டணம் இல்லாத பழைய கார்டாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், வருடத்தில் இரண்டு மூன்று முறை சின்னச் செலவுக்குப் பயன்படுத்துங்கள். ஒரு வருடத்துக்கு மேல் தொடாமல் விட்டால், உங்களுக்குத் தகவல் சொல்லிவிட்டு வங்கியே மூடலாம். பழைய கார்டில் 2 லட்சம், புதியதில் 1 லட்சம் லிமிட், மொத்தப் பாக்கி 60,000 என்றால் உபயோகம் 20 சதவீதம். பழையதை மூடிய மறுநாள் அதே பாக்கி 60 சதவீதம் ஆகிவிடும்.

கட்டணம் உள்ள கார்டு என்றால் முறையாக மூடுங்கள். கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டால் கணக்கு மூடாது. 2022-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லிக் கேட்ட 7 வேலை நாளுக்குள் வங்கி மூட வேண்டும். தவறினால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். கணக்கை மூடியதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் திருப்பூர் கட்டிங் மாஸ்டர் ஒருவர். 2018-ல் பெட்ரோல் பங்கில் நின்ற ஒரு பையன் கேட்டானே என்று ஃபார்மில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கார்டு வீட்டுக்கு வந்தது. ஒரு ரூபாய்கூடத் தேய்க்கவில்லை. முதல் வருடம் இலவசம், இரண்டாம் வருடக் கட்டணம் 500, ஜி.எஸ்.டி. சேர்த்து 590. அதற்குள் வீடு மாறி, நம்பரும் மாறிவிட்டது. 590-க்கு அபராதம், அபராதத்துக்கு வட்டி, மறுபடி ஒரு வருடக் கட்டணம். 2022 தொடக்கத்தில் என்னிடம் வந்தபோது ரிப்போர்ட்டில் ஆறாயிரத்துச் சொச்சம், பக்கத்தில் “ரிட்டன் ஆஃப்”, அதாவது இனி வராத கடன் என்று வங்கி தள்ளிவைத்தது, என்று இருந்தது. அவர் பீரோவிலிருந்து எடுத்துவந்த கார்டில், ஆக்டிவேட் செய்ய அழைக்க வேண்டிய எண் அச்சடித்த ஸ்டிக்கர் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

இப்போது விதிகள் மாறியிருக்கின்றன. ஆக்டிவேட் ஆகாத புதிய கார்டை ரிப்போர்ட்டில் ஏற்றவே கூடாது. தப்பான தகவலைத் திருத்தச் சொன்னால் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. கட்டிங் மாஸ்டருக்கு அன்றைக்கு இதில் பாதி கிடையாது. வங்கிக்கு எழுதி, பதில் வராமல் மேலே எழுதி, கட்டணத்தை ரத்து செய்து, ரிப்போர்ட்டைத் திருத்தி முடிக்க நான்கு மாதம் ஆனது. அட்வான்ஸ் கொடுத்திருந்த வீடு அதற்குள் கைமாறிவிட்டது. வருடக் கடைசியில் வேறு வீடு அமைந்தது. கிரயப் பத்திரம் வாங்கிய அன்று ஃபைலைத் திறந்து காட்டினார். பத்திரத்துக்கு மேலே, அந்தக் கார்டை மூடிய கடிதம் லேமினேட் செய்து இருந்தது.