நோட்டுப் புத்தகத்தில் தெரியாத பிழை

சீன மொழி கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில், மாணவர்களின் வீட்டுப்பாடத்தைத் திருத்துவதைவிட, அவர்கள் எழுதும்போது பக்கத்தில் நின்று கையைக் கவனிப்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். சீன எழுத்தில் எந்தக் கோட்டுக்குப் பின் எந்தக் கோடு வரவேண்டும் என்ற ஒழுங்கைச் சீனர்கள் 'பிஷுன்' என்பார்கள். அதில் நேரும் பிழை, எழுதி முடித்த எழுத்தில் பெரும்பாலும் தெரிவதில்லை. பக்கம் அழகாக இருக்கும். நாமும் சரியென்று குறியிட்டுவிடுவோம்.

'வாய்' என்று பொருள்படும் எழுத்து ஒரு சிறிய சதுரம்தான். தமிழ் எழுதிப் பழகிய கை அதைக் கண்டதும், நம் 'ப'வை எழுதுவதுபோல இறங்கி, அடியில் வலப்பக்கம் ஓடி, அப்படியே மேலேறி, கடைசியில் கூரையாக ஒரு கோட்டை இட்டு மூடிவிடுகிறது. சீன முறைப்படி அதில் மூன்று கோடுகள் உண்டு: முதலில் இடப்பக்கச் செங்குத்துக் கோடு, அடுத்து, மேலே தொடங்கி வலப்பக்க மூலையில் பேனாவை எடுக்காமலே மடங்கிக் கீழே இறங்கும் ஒரே கோடு, இறுதியில் அடிக்கோடு. செங்குத்துக் கோடு ஒருபோதும் கீழிருந்து மேலே ஏறாது. சிறுவயதிலிருந்து கையில் ஊறிய பழக்கம் என்பதால் இதற்காக நான் யாரையும் கடிந்துகொள்வதில்லை. ஆனால் முதல் வாரத்திலேயே மாற்றிவிடுகிறேன், ஏனென்றால் இந்தச் சதுரம் எண்ணற்ற எழுத்துகளுக்குள் உறுப்பாக வந்துகொண்டே இருக்கும்.

மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், 'பத்து' என்ற எழுத்தில் கிடைக்கோட்டுக்குப் பின் செங்குத்துக் கோடு, 'மனிதன்' என்ற எழுத்தில் இடப்பக்கம் சரியும் கோட்டுக்குப் பின் வலப்பக்கம் சரிவது, 'சிறிய' என்ற எழுத்தில் நடுக்கோட்டுக்குப் பின் இரு பக்கங்கள் என்ற விதிகளைப் பலரும் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். சதுரத்துக்குள் வேறொன்று அடங்கியிருக்கும் 'நாடு' என்ற எட்டுக் கோட்டு எழுத்துக்கு, "ஆள் உள்ளே போன பிறகே கதவைச் சாத்து" என்று சொல்லிக்கொடுப்பேன்; அடிக்கோடுதான் அங்கே கதவு. விதிகளால் மட்டும் பிடிபடாத இடங்களும் உண்டு. 'ஆற்றல்' என்ற எழுத்தும் 'ஒன்பது' என்ற எழுத்தும் பார்வைக்கு உடன்பிறந்தவை போல இருந்தாலும், முன்னதில் மடங்கிக் கொக்கியாக முடியும் கோடு முதலிலும் பின்னதில் சரியும் கோடு முதலிலும் வருகின்றன. இவற்றைக் கையால்தான் பழக வேண்டும்.

வரிசை தவறியதன் விலை சில மாதங்கள் கழித்தே தெரியவருகிறது. கைப்பேசியில் கிடை, செங்குத்து, சரிவு, புள்ளி, மடிப்பு என்ற ஐந்து விசைகளால் சீனம் உள்ளிடும் முறையில், வாய்க்குச் செங்குத்து, மடிப்பு, கிடை என்று அழுத்த வேண்டும். 'ப' போல எழுதிப் பழகியவர் மடிப்பில் தொடங்குவார், எழுத்து திரையில் வராது. அதைவிடப் பெரிய இழப்பு, பிறர் கையெழுத்தைப் படிக்க முடியாமல் போவது. 'சிங்ஷு' என்னும் ஓட்டெழுத்தில் பேனா தாளைவிட்டு முழுதாக எழுவதில்லை. ஒரு கோட்டின் முடிவிலிருந்து அடுத்ததன் தொடக்கத்துக்குச் செல்லும் தடமும் தாளில் பதிந்து, சதுரம்கூடச் சிறு சுழியாகச் சுருங்கிவிடும். வரிசையை அறிந்த கண்ணுக்கு மட்டுமே அந்தத் தடம் வழிகாட்டும். அச்செழுத்தைத் தடுமாறாமல் படிக்கும் என் மாணவர்கள் சிலர், சீன நண்பர் கிறுக்கித் தந்த இரண்டு வரிக் குறிப்பின் முன் திகைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

சீனத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் கோட்டின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே காற்றில் விரலால் எழுதிப் பழகுவார்கள். பெரியவர்கள் இதற்குக் கூச்சப்படுகிறார்கள். கூச்சத்தை விட்டவர்கள்தான் விரைவில் தேறுகிறார்கள். வீட்டில் பிள்ளைக்குத் துணையாக இருப்பவர், ஒரு புதிய எழுத்தை முதல் ஐந்து முறை எழுதும்வரை பக்கத்தில் இருந்து பார்த்தாலே போதும். சீனம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, வரிசைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சீன அரசு 1997இல் 7000 எழுத்துகளுக்கான வரிசையை வரையறுத்தது. இப்போது நடப்பில் இருப்பது 2021 மார்ச் 1 முதல் செயலுக்கு வந்த, 8105 எழுத்துகளுக்கான வரையறை. ஜப்பானில் சில எழுத்துகளின் வரிசை வேறு. 'அரசன்' என்ற எழுத்தில் இரண்டாவதாகச் சீனர்கள் நடுக் கிடைக்கோட்டை இடுவார்கள், ஜப்பானியர்கள் செங்குத்துக் கோட்டை இடுவார்கள். 'வலம்' என்ற எழுத்தைச் சீனர்கள் கிடைக்கோட்டில் தொடங்க, ஜப்பானியர்கள் சரிவில் தொடங்குவார்கள். இரண்டுமே அவரவர் பள்ளியில் சரியானவை. சீனம் கற்பவர் ஜப்பானியக் காணொளியைப் பார்த்துப் பழகிவிட்டு வகுப்புக்கு வரும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. ஆகவே பயிற்சிக்கு எடுக்கும் செயலியோ காணொளியோ எந்த நாட்டு வரையறையைப் பின்பற்றுகிறது என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.