ஆடிக் காற்றுக்கு முன்னால் செடிகளுக்கு ஒரு குச்சி

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆனியிலேயே கோவைப் பக்கத்துத் தோட்டங்களை ஆட்டத் தொடங்கிவிடும். வீட்டுத் தோட்டம் பராமரிக்கிற எங்களைப் பெரும்பாலும் செடி சாய்ந்த பிறகுதான் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால், காற்று செய்த சேதத்தைவிட நிமிர்த்திக் கட்டியவர் செய்த சேதம்தான் அதிகமாக இருக்கும்.

நன்றாக வளர்ந்த ஒரு செம்பருத்தி, எவ்வளவு உரம் வைத்தும் தேறவில்லை என்றார்கள். தண்டைத் தடவியபோது முழங்கால் உயரத்தில் ஒரு புடைப்பு தட்டுப்பட்டது. அதற்குக் கீழே, பழைய மின்வயர் பட்டைக்குள் புதைந்து கிடந்தது. இலை தயாரிக்கும் உணவு பட்டையின் உட்பகுதி வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. வயர் இறுக்கிய இடத்தில் அது தேங்கித் தண்டு வீங்குகிறது, கீழே வேர் பட்டினி கிடக்கிறது. இந்த நிலையில் உரம் போட்டு என்ன பயன்? வயரை அங்கங்கே வெட்டி, வருகிற துண்டுகளை மட்டும் எடுத்துவிடலாம். புதைந்ததைக் குடைந்து எடுக்கப் போனால் மிச்சப் பட்டையும் போய்விடும்.

கட்டுவதற்கு வாழைநாரே போதும். காய்ந்த மட்டையைக் கிழித்து, சிறிது நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் துணிபோல வளையும். ஒரு பருவம் தாங்கிவிட்டுத் தானாக மக்கிப்போகும். நாம் அவிழ்க்க மறந்தாலும் செடிக்கு ஆபத்தில்லை. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியோடு கொடியை வாழைநாரால் தளர்வாகக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அந்தத் தளர்வுதான் இங்கேயும் வேண்டும். தண்டுக்கும் குச்சிக்கும் இடையில் எட்டுப் போட்டுக் கட்டி, ஒரு விரல் நுழைய இடம் விடுங்கள். கொஞ்சம் ஆடினால்தான் தண்டு பருத்து உறுதியாகும். அசையவே விடாமல் கட்டிய செடி, குச்சியை எடுத்ததும் மடங்கிவிடும்.

குச்சிக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. செவ்வந்தி போலப் புதராக வளர்வதற்குக் கிளைகளோடு இருக்கிற காய்ந்த மிளாறுதான் சரி. துவரை மார், பருத்தி மார், நொச்சி மிளாறு எதுவானாலும் பரவாயில்லை. செடி பாதி வளரும்போதே சுற்றிலும் நான்கைந்தைச் செருகிவிட்டால், அது அதற்குள்ளேயே வளர்ந்து குச்சியை மறைத்துக்கொள்ளும், கட்டே தேவைப்படாது. டேலியாவுக்கு மூங்கில் குச்சி. அதைக் கிழங்கு நடும்போதே ஊன்றிவிட வேண்டும். அப்புறம் குத்தினால் கிழங்கில்தான் இறங்கும். செம்பருத்தி, ரோஜாவுக்குச் சவுக்குக் குச்சி. காற்று வருகிற மேற்குப் பக்கமாக, ஓரடி ஆழம் இறங்கட்டும். மாடித் தொட்டியில் அந்த ஆழம் கிடைக்காது. மூன்று குச்சிகளை ஓரத்தில் ஊன்றி உச்சியில் சேர்த்துக் கட்டுங்கள்.

பச்சைக் குச்சியை மட்டும் அப்படியே ஊன்றாதீர்கள். கிளைரிசிடியா, கிளுவை, முருங்கை எல்லாம் ஈரம் கண்டால் துளிர்த்துவிடும். முட்டுக் கொடுக்க வந்தது செடியின் தண்ணீரிலும் உரத்திலும் பங்கு கேட்கும். வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். மூங்கில் குச்சிக்கு அடியில் மாவு போலக் கொட்டினால் வண்டு துளைத்திருக்கிறது, அது காற்றைத் தாங்காது.

வருடா வருடம் அதே செடி சாய்ந்தால் நிழலும் தழைச்சத்தும் அதிகமா என்று பாருங்கள். வெளிச்சம் தேடி ஒல்லியாக நீண்ட செடிக்கு எத்தனை குச்சி கொடுத்தாலும் போதாது.

இன்னொன்றையும் வாடிக்கையாளர்களிடம் தவறாமல் சொல்வேன். களையெடுக்கக் குனியும்போது குச்சி நுனி நேராகக் கண்ணுக்கு வரும். தென்னைக்கு அடியில் விழுந்து கிடக்கும் குரும்பையை ஒவ்வொரு நுனியிலும் செருகிவிடுங்கள். காய்ந்து விழுந்தால் வேறொன்று. மீறிக் கண்ணில் கீறிவிட்டால் தேய்க்காதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்து, அதிலும் ஸ்டீராய்டு கலந்தது, வாங்கி விட்டுக்கொள்ளாதீர்கள். குச்சி, இலை கீறிய கருவிழியில் பூஞ்சைத் தொற்று வருவது தென்னிந்தியாவில் சாதாரணம், ஸ்டீராய்டு அதை வேகமாகப் பரப்பும். சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.