தண்ணீரின் முதுகில் ஒரு சைக்கிள் பாதை

மாடித்தோட்டம் போட்டவர்களுக்குக் கோகோபீட் பழக்கமான பொருள். செங்கல் அளவுக் கட்டியை வாளித் தண்ணீரில் போட்டு அரைமணி நேரம் விட்டால் போதும், உப்பிப் பெருகி வாளியை நிரப்பிவிடும். தென்னை நார்க்கழிவுக்கு எப்படி இந்தப் பெயர்? சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த 'பீட்' என்ற கரும்பழுப்புப் பொருளை ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் நெடுங்காலமாகத் தொட்டிகளில் போட்டு வந்தார்கள். அதற்கு மாற்றாக வந்ததால் இது தேங்காய் பீட். பொள்ளாச்சிப் பக்கம் அச்சில் அமுக்கிய கட்டிகள் கப்பலேறி நெதர்லாந்தின் பசுமைக்குடில்கள் வரை போகின்றன.

அசல் பீட் கிடக்கிற இடத்தைப் பார்க்கவும் அதே நெதர்லாந்துக்குப் போகலாம். நாட்டின் வடக்கே, ட்ரெந்த, ஃப்ரீஸ்லாந்து மாகாணங்களின் எல்லையில் ஃபொக்தலோவர்ஃபேன் என்ற காப்பகம் இருக்கிறது. 'ஃபேன்' என்றால் டச்சு மொழியில் பீட் நிலம். சுமார் 2,500 ஹெக்டேர். அதன் குறுக்கே சைக்கிள் பாதை போகிறது. அதில் காருக்கு இடமில்லை. கூடாரத்தையும் பைகளையும் வண்டியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுபவர்களுக்குப் பிடித்த வகைப் பாதை. ஹாரன் சத்தம் கிடையாது, புகை கிடையாது. மறைக்க மரமில்லாததால் எதிர்க்காற்று மட்டும் முகத்தில் அறையும்.

ஓட்டிக்கொண்டே இரண்டு பக்கமும் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்த வேண்டும். நம் ஊரில் தண்ணீர் பள்ளத்தில்தான் நிற்கும். ஏரி, குளம், வயல் எல்லாம் அப்படித்தான். இந்த வகைச் சதுப்போ சுற்றியுள்ள விளைநிலத்தைவிட மேடானது. மேட்டில் தண்ணீர் தளும்ப நிற்கிறது, கீழே வயல் காய்ந்து கிடக்கிறது. ஆறும் ஊற்றும் இதற்கு நீர் தருவதில்லை. முழுக்க முழுக்க மழை நீர். அது ஏன் வழிந்து ஓடிவிடவில்லை?

காரணம் ஒரு பாசி. ஸ்பேக்னம் என்று பெயர். வேர் கிடையாது. அதன் இலை ஒரே ஒரு செல் தடிமன். அந்த இலையில் பச்சையாக, உயிரோடு இருக்கும் செல்கள் மெல்லிய வலைபோலப் பின்னிக் கிடக்கும். வலையின் கண்களுக்குள் பெரிய பெரிய காலி செல்கள். அவை செத்தவை, உள்ளே ஒன்றும் இல்லை, சுவரில் துளைகள் மட்டும் உண்டு. அந்தத் துளை வழியே தண்ணீர் புகுந்து நிரம்பிக்கொள்கிறது. காய்ந்த பாசி தன் எடையைப்போல 15, 20 மடங்கு வரை நீர் பிடிக்கும். கோகோபீட் கட்டி வாளியில் செய்கிற வேலையேதான், ஆனால் இன்னும் தீவிரமாக.

பாசி மேலே வளர, அடிப்பகுதி வெளிச்சமில்லாமல் சாகும். செத்தது மட்குவதில்லை. தண்ணீரில் மூழ்கியிருப்பதால் ஆக்சிஜன் இல்லை. அதோடு, ஸ்பேக்னம் நீரில் இருக்கிற கால்சியம், மெக்னீசியம் போன்றவற்றைப் பிடித்துக்கொண்டு பதிலுக்கு ஹைட்ரஜன் அயனிகளை விடுகிறது. நீர் புளித்துப்போகிறது, பி.எச். 4 பக்கம், ஏறக்குறைய தக்காளிச் சாறு. தன் அக்கம்பக்கத்தைத் தானே அமிலமாக்கி, போட்டிக்கு வரும் செடிகளையும் மட்கவைக்கும் நுண்ணுயிர்களையும் விரட்டுகிற பாசி இது. இப்படி மட்காமல் தங்குவது ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் சேர ஆயிரம் ஆண்டு.

சரி, வழியாமல் நிற்பது எப்படி? இங்கேதான் இந்தச் சதுப்பின் சாமர்த்தியம். மேல் அடுக்கு, ஓரிரு சாண் ஆழம், பஞ்சுபோலத் தளர்வானது. கீழ் அடுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் பாரத்தில் நசுங்கி இறுகியது. பெருமழை பெய்தால் நீர்மட்டம் தளர்ந்த அடுக்குக்கு ஏறும். உபரி சட்டென்று பக்கவாட்டில் வழிந்துவிடும். மழை நின்று மட்டம் இறங்கினால் நீர் இறுகிய அடுக்குக்குள் அகப்பட்டுக்கொள்ளும். அங்கே ஓட்டம் மிக மிக மெதுவானது. கதவும் இல்லை, மதகுக்காரரும் இல்லை, ஆனாலும் மதகு தானாகத் திறந்து மூடுகிறது. மழைக்காலத்தில் சதுப்பின் முகம் சில சென்டிமீட்டர் உயர்கிறது, கோடையில் தாழ்கிறது. ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதற்குச் 'சதுப்பின் மூச்சு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆக, நிலம் என்று நாம் நினைப்பதில் 90 விழுக்காடு தண்ணீர். இதன்மேல் பாதை போடுவது லேசில்லை. பாரம் ஏற்றினால் பஞ்சைப் பிழிந்ததுபோல நீர் வெளியேறும், நிலம் தாழும், தாழ்ந்த இடத்தில் மறுபடி மண் கொட்டினால் அந்தப் பாரத்துக்கு இன்னும் தாழும். இங்கிலாந்தில் ஜார்ஜ் ஸ்டீபன்சன் 1820களில் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதையைச் சாட் மாஸ் என்ற பீட் சதுப்பின் வழியே கொண்டுபோனபோது, கொட்டிய மண்ணெல்லாம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் புதர்ச்செடிகளையும் சுள்ளிகளையும் தட்டிகளாகப் பின்னிப் பரப்பி, அந்தப் படுக்கையின் மேல் பாதையை மிதக்கவிட்டார். 1830இல் திறந்த அந்தப் பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது.

சக்கரத்துக்கும் சதுப்புக்கும் உள்ள பழக்கம் ஸ்டீபன்சனைவிட ரொம்பப் பழையது. ட்ரெந்தவிலேயே நியூ டோர்ட்ரெக்ட் என்ற ஊரருகே பீட்டுக்கு அடியில் மரத்தண்டுகளைக் குறுக்கே வரிசையாக அடுக்கிய பாதை கிடைத்தது. வயது சுமார் 4,500 ஆண்டு. இந்த மாகாணத்துச் சதுப்புகளில் ஆரக்கால் இல்லாத கட்டை வண்டிச் சக்கரங்களும் முழுசாகக் கிடைத்திருக்கின்றன.

சைக்கிள் இந்த இடத்துக்கு ஏன் ஒத்துப்போகிறது என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. டயரின் காற்றழுத்தத்தை வைத்துப் பார்த்தால் சைக்கிள் காரைவிட மோசம். சுற்றுலா சைக்கிளின் டயரில் 4 'பார்' (அழுத்தத்தின் அலகு) இருக்கும், காரில் 2.5 பார் கூட இராது. அதனால் பாதையை விட்டுப் பாசிமேல் இறங்கினால் சைக்கிள் டயர் கத்திபோல இறங்கிவிடும். கெட்டித் தளத்தின் மேல் ஓடும்போது கணக்கு மாறுகிறது. தளம் பாரத்தைப் பரப்பிவிடுவதால் கீழே உள்ள பீட்டுக்குத் தெரிவது மொத்த எடை மட்டுமே. ஆளும் வண்டியும் பையும் சேர்ந்து 110 கிலோ என்று வையுங்கள். ஒரு கார் 1,500 கிலோ, நிறைபாரத்தோடு வரும் டிரெய்லர் லாரி 40,000 கிலோ. லாரிக்குத் தாங்கும் சாலை என்றால் பீட்டைத் தோண்டி மணல் நிரப்ப வேண்டும், இரண்டு பக்கமும் வடிகால் வெட்ட வேண்டும். வடிகால் வெட்டிய அன்றே சதுப்பின் கதை முடிகிறது. நீர் இறங்கிய இடத்தில் காற்று புகும், ஆயிரம் ஆண்டாகக் காத்திருந்த மட்கல் தொடங்கும், பீட் கார்பன் டை ஆக்சைடாக ஆவியாகும். இங்கிலாந்தின் ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1851இல் தரைமட்டத்துக்கு இறக்கிய இரும்புத் தூண் இப்போது சுமார் 4 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. தூண் எழும்பவில்லை, தரைதான் போய்விட்டது. உலகின் நிலப்பரப்பில் 3 விழுக்காடுதான் பீட் நிலம். அதில் அடங்கிய கார்பனோ உலகக் காட்டு மரங்கள் எல்லாம் வைத்திருப்பதைவிட அதிகம் என்பதை நினைத்தால் அந்தத் தூண் கொஞ்சம் பயமுறுத்துகிறது.

ஃபொக்தலோவர்ஃபேனும் தப்பவில்லை. மேல் அடுக்கைக் கொளுத்திச் சாம்பலில் பக்வீட் என்ற தானியத்தை விதைத்தார்கள். பீட்டை வெட்டி வறட்டிபோலக் காயவைத்து, கால்வாய்ப் படகில் அனுப்பி அடுப்பெரித்தார்கள். பக்கத்து ஊரான ஃபேன்ஹாய்சனில் 1823 முதல் பிச்சைக்காரர்களையும் அநாதைகளையும் கொண்டுவந்து குடிவைத்து வேலை வாங்கினார்கள்; பிறகு அது சிறையானது, 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பீட் வெட்டியவர்களுக்குச் சில நேரம் வேறு சிலவும் அகப்பட்டன. 1897இல் ஈடெ என்ற ஊரருகே சுமார் 16 வயதுப் பெண்ணின் உடல் கிடைத்தது. இறந்து ஏறத்தாழ 2,000 ஆண்டு. தோல் பதனிட்டதுபோல இருந்தது, கூந்தல் செம்பட்டையாகியிருந்தது, கழுத்தில் கம்பளி நாடா சுற்றியிருந்தது. கண்டெடுத்தவர்கள் பேயென்று ஓடிப்போனார்களாம்.

இப்போது பாதையின் ஓரத்தில் நீரில் நின்றபடி செத்த பிர்ச் மரங்களைப் பார்த்தால் பரிதாபப்பட வேண்டாம். பழைய வடிகால்களை அடைத்துக் கரை கட்டி நீரைத் தேக்கியதன் அடையாளம் அது. பிர்ச் காய்ந்த பீட்டில் குடியேறிய மரம். தன் பங்குக்கு இன்னும் நீரை உறிஞ்சும். நீர் ஏறினால் மரம் சாகும், பாசி திரும்பும். தேக்கிய தொடக்கத்தில், பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு கொஞ்சம் அதிகமாக வரும், அது உண்மைதான். காயவிட்டு எரிவதோடு ஒப்பிட்டால் அந்த நட்டம் தாங்கக்கூடியது.

கார் வராததால் மட்டும் சதுப்பு பிழைத்துவிடாது. மழைநீரை நம்பி வாழும் நிலம் பட்டினிக்குப் பழகியது. பனித்துளிச் செடி பூச்சியைப் பிடித்துத் தின்பதே நைட்ரஜன் பற்றாக்குறையால்தான். இப்படிப்பட்ட நிலம் தாங்கும் நைட்ரஜன், ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 7 கிலோ. வானத்திலிருந்து அதைவிட அதிகமாக விழுந்தால் புல் தழைத்துப் பாசியை மூடிவிடும். வண்டிப்புகை ஒரு பங்கு. நெதர்லாந்தில் பெரிய பங்கு மாட்டுப் பண்ணைச் சாணத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா. காப்பக எல்லையில் வேலி போட்டு அதைத் தடுக்க முடியாது.

பலன் இல்லாமலும் இல்லை. பல நூற்றாண்டுகளாக நெதர்லாந்தில் கூடு கட்டாதிருந்த 'கிரேன்' எனப்படும் பெருங்கொக்கு, 2001இல் இந்தச் சதுப்பில்தான் மறுபடி குஞ்சு பொரித்தது. ஆழமில்லாத நீரின் நடுவே கூடு இருந்தால் நரி வருவது கடினம். அதற்காகவே தேடி வருகிறது.

போகிறவர்கள் வசந்தகாலக் காலைகளில் வேகத்தைக் குறைப்பது நல்லது. சதுப்பு முழுக்க ஈரமும் குளிருமாக இருக்கையில் வெயில் பட்டுச் சூடேறுவது சைக்கிள் பாதைதான். ஆடர் என்ற விரியன் பாம்பு குளிர் காய அங்கே வந்து படுத்துக்கொள்ளும்.