கம்பளி போர்த்திய கல்சுவர்

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் பழைய மணற்கல் வீடுகளின் சுவர் பெரும்பாலும் 60 செ.மீ. தடிமன் இருக்கும். சன்னல் திண்டில் ஏறி உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம். அப்படியும் குளிர்காலத்தில் வீட்டுக்குள் பல் கிட்டுகிறது என்றால், கல்லின் குணம் அது. ஒரே தடிமனில் வைத்துப் பார்த்தால், சூடு வெளியேறாமல் இருக்கச் சுவரில் வைக்கும் கண்ணாடிநார்க் கம்பளியைவிட மணற்கல் ஏறக்குறைய 50 மடங்கு தாராளமாக வெப்பத்தைக் கடத்தும். 60 செ.மீ. கல்லும் ஒரு விரற்கடைக்கும் குறைவான கம்பளியும் ஒன்றுதான். நல்லவேளையாக இந்தச் சுவர்கள் முழுக்கக் கல் அல்ல. வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை, நடுவில் கல்சில்லும் சுண்ணாம்புச் சாந்தும், இண்டு இடுக்கில் காற்று. அதனால் நேரில் அளந்தால் நிலைமை கொஞ்சம் தேவலை.

சரி, வீட்டைப் புதுப்பிக்கும்போது வெப்பக்காப்பும் கொடுத்துவிடலாமே? சுவரின் வெளிப்பக்கம் கொடுப்பதுதான் சிறப்பு. ஆனால் செதுக்கிய கல்முகப்பைத் தெர்மோகோல் பலகையால் மூட யாருக்கு மனசு வரும்? பல இடங்களில் விதியும் விடாது. ஆக, உள்பக்கம்தான். சிக்கலும் அங்கேதான்.

வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வெறும் சுவரின் உள்முகம் சுமார் 17 டிகிரியில் இருக்கும். நாம் காசு கொடுத்து மூட்டும் சூட்டில் சுவரும் சேர்ந்து குளிர்காய்கிறது. 10 செ.மீ. கம்பளியைப் போர்த்தினால் அறை கதகதப்பாகும். ஆனால் கம்பளிக்குப் பின்னால் அதே கல்முகம் 4 டிகிரிக்கு இறங்கிவிடும்.

20 டிகிரிக் காற்றில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், அது சுமார் 9 டிகிரிக்குக் குளிர்ந்ததுமே நீராவி தண்ணீராகத் தொடங்கும். ஐஸ் மோர் ஊற்றிய டம்ளர் வியர்ப்பதும் இதே கதைதான். சமையல், குளியல், நம் மூச்சு எல்லாவற்றிலிருந்தும் கிளம்பும் நீராவி, கம்பளியை மூடிய பலகையின் இடுக்கு, பிளக் பாயிண்ட் ஓட்டை வழியாகப் பின்னால் போய்க் குளிர்ந்த கல்லில் படியும். பூசண வாடை வந்த பிறகுதான் நமக்கே தெரியும்.

பிளாஸ்டிக் தாளை வைத்து மறித்தால் போதும் என்பார்கள். புதுக் கட்டடத்துக்குச் சரி. பழைய கல்லோ மழையையும் உறிஞ்சும். வெயில் பட்டால் அந்த ஈரம் உள்பக்கமும் நகரும். தாள் அதைச் சிறைவைத்துவிடும்.

அதனால்தான் மரநார்ப் பலகை, கால்சியம் சிலிகேட் பலகை போன்றவற்றை இடைவெளி இல்லாமல் சுவரோடு ஒட்டி, மேலே சுண்ணாம்பு பூசுகிறார்கள். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் இவை ஈரத்தை இழுத்துப் பரப்பி, அறைக்குள் உலரவிடும். தடிமனிலும் பேராசை கூடாது. முதல் 4 செ.மீ. பலகையே வெப்பக் கசிவைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும். 10 செ.மீ. வைத்தாலும் முக்கால்வாசிதான், சுவர் இன்னும் குளிர்ந்து போவதுதான் மிச்சம்.

அப்புறம், கல் இடுக்கில் யாராவது சிமெண்ட் அடைத்திருந்தால் அதை முதலில் எடுக்கவேண்டும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அவ்வளவாக விடாது. ஈரம் கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருப்பதால், கல்முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். காப்புக் கொடுத்துக் குளிர்ந்துபோன சுவரில் இந்த ஆபத்து இன்னும் கூடும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றுக்கும் முன்னால் உத்திர நுனிகளைப் பார்க்கச் சொல்வேன். மாடியைத் தாங்கும் மர உத்திரங்களின் நுனி கல்லுக்குள் செருகியிருக்கும். இத்தனை காலமும் கசிந்த வெப்பம்தான் அதை உலர்த்திவந்தது. தரைப்பலகை ஒன்றிரண்டைப் பெயர்த்து, ஸ்க்ரூடிரைவரால் நுனியைக் குத்தவேண்டும். ‘டக்’ என்று நின்றால் நல்லது. புட்டுக்குள் இறங்குவதுபோல் இறங்கினால், காப்புப் பலகையை ஓரமாக வைத்துவிட்டுத் தச்சரைக் கூப்பிடவேண்டியதுதான்.